தொட்டியில் குளித்தவரின் கொள்ளுப்பேரன்

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் மீட்டர் பார்க்க வருகிறவர், இந்த ஊருக்கே தண்ணீர் கொண்டுவந்தவரின் பேரன் என்று ஒரு பேச்சு கிளம்பியது. முதலில் மீன் கடையில் காதில் விழுந்தது. பிறகு மருந்துக் கடையில். மருந்துக் கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே, "அவங்க ரத்தத்துலயே தண்ணி ஓடுது சார்" என்றார். மருந்து விற்கிறவர் சொல்லக்கூடிய வாக்கியமா இது? சொன்னார்.

தண்ணீர் கொண்டுவந்தவர் என்றால் சாதாரண ஆள் இல்லை. நூற்றிருபது வருடத்துக்கு முன் ஆற்றிலிருந்து குழாய் பதித்து, மேட்டில் தொட்டி கட்டி, வீட்டுக்கு வீடு தண்ணீர் விட்ட என்ஜினீயர். குடிநீர் அலுவலக வாசலில் வெண்கலமாக நிற்கிறார். பீடத்தில் 'நீர்த்தந்தை' என்று வெட்டியிருக்கிறது. ஒரு கையில் வரைபடச் சுருள். இன்னொரு கை தொலைநோக்கோடு எதையோ சுட்டிக் காட்டுகிறது. அந்தத் திசையில் இப்போது செல்போன் பழுது பார்க்கும் கடை இருக்கிறது.

வாரம் ஒரு பக்கம் அடுத்தவர்களைக் கிண்டல் செய்து பிழைக்கிற எனக்கு, சிலையின் வாரிசு முழங்காலில் உட்கார்ந்து என் வீட்டு மீட்டரைத் துடைக்கிறார் என்றால் விட மனசு வருமா? பேச்சு எங்கிருந்து வந்தது என்று பின்னாலேயே நடந்தேன். மீன் கடையில் பேரனாக இருந்தவர், சலூனில் கொள்ளுப்பேரன். சலூனுக்கு அந்தச் செய்தியைக் கொடுத்த குடிநீர் அலுவலகக் கேன்டீனில் எள்ளுப்பேரன். ஒவ்வொரு தெரு தாண்டும்போதும் ஒரு தலைமுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்திருக்கிறது. இன்னும் நாலு தெரு போயிருந்தால் சிலையே இவருக்குப் பிறந்திருக்கும்.

கேன்டீனில் இன்னொன்றும் தெரிந்தது. தண்ணீர் வந்த நூற்றிருபதாவது ஆண்டுக்கு விழா. இன்னும் மூன்று வாரம். மேடையில் முதல் நாற்காலி வாரிசுக்கு. வாரிசு யார் என்று விழாக்காரர்கள் இணையத்தில் தேடி எடுத்ததைத்தான் ஊர் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தது.

அவருக்கு வயது ஐம்பத்தாறு. முப்பத்தொரு வருடமாக மீட்டர் பார்க்கிறார். கொக்கி போட்டு இரும்பு மூடியைத் தூக்குவார். முழங்காலுக்கு ஒரு ரப்பர் மெத்தை கட்டியிருப்பார். டார்ச் அடித்து, ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்து, எண்ணைக் கைக்கருவியில் தட்டுவார். மூடியைச் சத்தமில்லாமல் திரும்ப வைப்பார். நாய் இருக்கிற வீடு எது, நாயைவிட மோசமானவர்கள் இருக்கிற வீடு எது என்று எல்லாம் அத்துப்படி. வம்பு தும்பு கிடையாது. இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம், "உங்க டாய்லெட்ல லீக் இருக்கு, பாருங்க" என்பதுதான்.

ஒரு ஞாயிறு காலை வீட்டுக்கே போனேன். மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது அவருடைய அக்கா. பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது மாதிரியான தையல் வேலைகள் செய்கிறவர். வாயில் இரண்டு குண்டூசியைக் கடித்தபடியே தெளிவாகப் பேசினார்.

"பத்திரிகையா? வாங்க. பரம்பரையைப் பாக்க வந்தீங்களாக்கும். மூச்சு வாங்குதா? என்ன பண்றது, நாங்க உயர்ந்த குடும்பம், மூணாவது மாடி."

"அக்கா" என்றார் உள்ளேயிருந்து தம்பி. அந்த ஒரு சொல்லில் நாற்பது வருடத்துக் கெஞ்சல் இருந்தது.

ஜன்னலோரம் தையல் மெஷின். எதிர்ச் சுவரோரம் ஒரு பழைய கம்ப்யூட்டர். மூன்று வருடத்துக்கு முன் முழங்காலில் ஆபரேஷன் ஆகி ஆறு வாரம் வீட்டில் கிடந்தபோது, பொழுது போகாமல் ஒரு வம்சாவளி இணையதளத்தில் சேர்ந்தாராம். நம் பெயரைப் போட்டால், மேலே அப்பா அம்மாவுக்கு இரண்டு கட்டம் முளைக்கும். அவர்களுக்கு மேலே நாலு. தெரிந்தவர்களைப் போட்டுக்கொண்டே போகலாம். தெரியாத இடத்தில் முகமில்லாத ஒரு சாம்பல் நிறத் தலை நின்றுகொண்டு நம்மையே பார்க்கும்.

அவர் திரையைக் காட்டினார். அப்பா, தாத்தா, தாத்தாவின் அப்பா. அந்தத் தாத்தாவின் அப்பாவுக்கு மேலே நீர்த்தந்தை, மீசையோடு.

"நீர்த்தந்தைக்கு ரெண்டு பையன் சார். சின்னவர் பதினெட்டு வயசுல வீட்டை விட்டுப் போயிட்டார். அப்புறம் தகவல் இல்ல. அவர்தான் எங்க கொள்ளுத்தாத்தா."

"எப்படித் தெரியும்?"

"பதினோரு பேர் உறுதிப்படுத்தியிருக்காங்க" என்றார். உண்மைதான். பக்கத்தில் பச்சை நிறத்தில் டிக் போட்டு, பதினோரு குடும்ப மரங்களில் இதே தகவல் இருப்பதாகத் தளமே சொன்னது.

பதினோரு பேர் என்றால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். நான் எழுதுவதை அத்தனை பேர் படிக்கிறார்களா என்பதே சந்தேகம். ஆனாலும் ஒவ்வொரு மரமாகத் திறந்து, இந்தத் தகவல் எங்கே கிடைத்தது என்ற இடத்தைப் பார்த்தேன். பதினோராவது ஆள் பத்தாவதைப் பார்த்து எடுத்திருந்தார். பத்தாவது ஏழாவதிடமிருந்து. ஏழும் ஐந்தும் இரண்டாவதிடமிருந்து. ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அடுத்தவர் முன்னோர் நம் மரத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். இரண்டாவது ஆள் முதலாவதிடமிருந்து. அந்த முதலாவது ஆள் யாரிடமிருந்து எடுத்தாரோ, அவர் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தன் பேன்ட் மடிப்பை நீவிக்கொண்டிருந்தார்.

"நீங்க எங்கிருந்து எடுத்தீங்க?"

நீவுவதை நிறுத்தினார். பிறகு மீட்டர் கதையைச் சொன்னார். வீடு பூட்டியிருந்தாலும் கைக்கருவியில் அந்த வீட்டுக் கட்டத்தைக் காலியாக விடமுடியாது. எண் போட்டால்தான் கருவி அடுத்த வீட்டுக்கு நகரும். அதனால் முந்தைய மாதங்களைப் பார்த்து ஒரு எண்ணைப் போட்டு, பக்கத்தில் 'உ' என்று குறிப்பார்கள். உத்தேசம். வீடு திறந்திருக்கிற மாதம் உண்மையான எண்ணைப் பார்த்துச் சரி செய்துகொள்ளலாம்.

"கட்டம் காலியா இருந்தா எனக்குக் கை சும்மா இருக்காது சார். வயசு, காலம் எல்லாம் பொருந்தி வந்துச்சு. உத்தேசமா அந்தச் சின்னவரைப் போட்டேன். பாருங்க, குறிப்புல 'உ' கூடப் போட்டிருக்கேன்."

போட்டுத்தான் இருந்தார். குறிப்புப் பெட்டியில் ஒற்றை எழுத்து. அவரைப் பார்த்து எழுதிய பதினோரு பேரும் அந்த எழுத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். ஒரு வருடம் கழித்து இவர் போய்ப் பார்த்தால் பச்சை டிக். அத்தனை பேர் பொய்யா சொல்வார்கள் என்று இவரும் நம்பத் தொடங்கிவிட்டார். தானே போட்ட கோலத்துக்குத் தானே வழிவிட்டு நடப்பது என்பது இதுதான்.

தையல் மெஷின் நின்றது.

"காலியா இருந்துச்சாமா கட்டம்? ஏன்டா, கொள்ளுத்தாத்தா யாருன்னு உனக்குத் தெரியாது? அப்பா தினம் சோத்துக்கு நடுவுல சொல்வாரே."

"அக்கா, சும்மா இரேன்."

"ஏன் சும்மா இருக்கணும்? நீங்க கேட்டுக்குங்க. மேட்டுத் தொட்டியில காவல்காரர். ஒரு கோடையில வெக்கை தாங்காம உள்ள இறங்கிக் குளிச்சுட்டார். ஊரே குடிக்கிற தண்ணி. வேலை போச்சு. கையெழுத்துப் போட்டுத் துரத்துனது யாருங்கறீங்க? இதோ, மீசையோட உக்காந்திருக்காரே, இவனோட எள்ளுத்தாத்தா."

நான் ஒரு பத்திரிகைக்காரன் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டேன். "சோப்பு போட்டாரா?"

"போட்டிருந்தா நுரை வந்து முதல் நாளே மாட்டியிருப்பார். மாட்டுனது நாலாவது நாள்."

நான் சிரித்தேன். அக்காவும் குண்டூசி விழாத அளவுக்குச் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை. கழுத்திலிருந்து காது வரை சிவந்துபோய்த் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரும் கேட்காமலே சொன்னார்.

"முதல்ல அவரைத்தான் போட்டேன். பேரு, வேலை, எல்லாம். மூணு நாள் வச்சுப் பாத்தேன். ஒரு ஈ காக்கா வரல. உங்க முன்னோரைப் பத்தி வேற தகவல் இல்லன்னு சொல்லிட்டே இருந்துச்சு. நாலாவது நாள் அவரை அழிச்சுட்டு இவரைப் போட்டேன். மறுநாள் காலைல பதினேழு சொந்தம்."

அக்காவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்று, மெதுவாகக் கீழே இறங்கியது. அழித்தது அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"அவர் தண்ணியைத்தானேடா அழுக்காக்கினார்" என்றார். "நீ ஆளையே துடைச்சுட்டியே."

அதற்குப் பிறகு மெஷின் ஓடவில்லை. கிளம்பலாம் என்று எழுந்தேன். அக்கா போகிறபோக்கில், "அந்த டீச்சரம்மாவைச் சொன்னியா இவர்கிட்ட?" என்றார். தம்பி இல்லையென்று தலையாட்டினார். திரும்ப உட்கார்ந்தேன்.

அந்தப் பதினேழு சொந்தத்தில் பதினாறு பேர் கொட்டாவி மாதிரி வந்து போனவர்கள். பதினேழாவது, வேறொரு ஊரில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். எழுபத்தெட்டு வயது. அவர் உத்தேசம் இல்லை. நீர்த்தந்தையின் மூத்த மகனுக்குச் சொந்தப் பேத்தி. வேறு யாரும் மிச்சமில்லை. தளத்தின் வழியாக வந்த முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தார்: 'கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்கள் அப்பாவுக்கு நான் ஒன்றுவிட்ட தங்கைக்கும் ஒரு படி தள்ளி. எப்படிச் சுற்றி வந்தாலும் உங்களுக்கு அத்தை. சின்னத் தாத்தா போன பிறகு அவருடைய அம்மா, கொல்லைக் கதவை உள்ளே தாழ் போட யாரையும் விடவில்லையாம். முப்பது வருடம். திருடன்கூட வரவில்லை என்று எங்கள் அப்பா சொல்வார். அவர் எங்கேயோ போய்ச் சாப்பிட்டு, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்குப் பேரனாக நீங்கள் இருக்கிறீர்கள் என்பது எனக்கு இந்த வயதில் வருமென்று எதிர்பார்க்காத சந்தோஷம்.'

இரண்டரை வருடமாக எழுதுகிறார். இவர் முழங்கால் வலிக்கு என்ன தைலம் என்பதுவரை எழுதுகிறார். 'அன்புள்ள மருமகனுக்கு' என்று தொடங்கி 'அத்தை' என்று முடிக்கிறார். விழாவுக்கு வருகிறார். சிலைக்காகவோ மேடை நாற்காலிக்காகவோ இல்லை, இவரைப் பார்க்க. ரயிலில் கீழ் படுக்கை கிடைத்துவிட்டது என்று அந்த வாரம்தான் கடிதம் வந்திருந்தது.

"மேடையில உக்காரலன்னா யாரும் சாகமாட்டாங்க சார்" என்றார் மீட்டர்காரர். "அவங்க வந்து இறங்கி என்னை 'வாப்பா'ன்னு கூப்பிட்டா நான் என்ன செய்வேன்?"

வதந்தி எங்கிருந்து வந்தது என்று பார்க்கப் போனவன், கையில் இதை வாங்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கினேன். அடுத்த நாள் குடிநீர் அலுவலக ஆவண அறையில் தேடினேன். அக்கா சொன்னது இருந்தது. இரண்டே வரி. குடிநீர்த் தேக்கத்தில் இறங்கிக் குளித்தமைக்காகக் காவலர் பணியிலிருந்து நீக்கம். கீழே நீர்த்தந்தையின் கையெழுத்து, கடைசி எழுத்தில் ஒரு சுழிப்போடு. ஆக, இரண்டு குடும்பத்துக்கும் தொடர்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரு கையெழுத்து அளவுக்கு இருந்தது. படம் எடுத்துப்போய் அவரிடம் கொடுத்தேன். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராக மேலாளரிடம் போனார்.

மேலாளர் கேட்டது என்ன தெரியுமா? "நீங்க அவரோட வாரிசு இல்லங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

இவர் இரண்டு வரியைக் காட்டினார்.

"இது யாரோ குளிச்ச கதை. உங்களுக்கும் இதுக்கும் என்ன?"

"அவர் என் கொள்ளுத்தாத்தா சார்."

"அதை எத்தனை பேர் உறுதிப்படுத்தியிருக்காங்க?"

"எங்க அக்கா ஒருத்தி."

"பாத்தீங்களா. இந்தப் பக்கம் பதினோரு பேர்." மேலாளர் பெருமூச்சு விட்டார். "பேனரெல்லாம் அடிச்சாச்சு. சும்மா ஒரு மணி நேரம் உக்காந்துட்டுப் போங்களேன். சிலை என்ன, எழுந்து வந்து கேக்கவா போகுது?"

இவர் மாட்டேன் என்றார். முப்பத்தொரு வருட வேலையில் மேலதிகாரியிடம் முதல் மாட்டேன். அதற்குத் தண்டனையா மரியாதையா என்று தெரியாதபடி, விழா நாளில் தண்ணீர் பாட்டில் கொடுக்கும் பணியைக் கொடுத்தார்கள். முதல் நாற்காலிக்கும் ஆள் கிடைக்காமல் போகவில்லை. பதினோரு மரத்தில் ஏழாவது மரத்துக்காரர் கோட்டு போட்டுக்கொண்டு வந்து, பூச்செண்டு வாங்கி, 'என் முன்னோர்' என்று ஆறு நிமிடம் பேசினார். இவர் அவருக்கும் ஒரு பாட்டில் கொடுத்தார்.

ஆனால் அது பிறகு. விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது டீச்சருக்கு எழுத வேண்டியிருந்தது. நீர்த்தந்தையைத் தன் மரத்திலிருந்து எடுத்துவிட்டார். காவல்காரரைத் திரும்ப வைத்தார். வேலை போன காரணத்தையும் போட்டார், அக்கா பக்கத்தில் நின்று போட வைத்தார். மற்றப் பதினோரு மரங்களில் இவர் கை வைக்க முடியாது. அங்கே இவர் இன்னும் எள்ளுப்பேரன்தான். டீச்சரின் மரத்திலும்.

கடிதம் எழுதத் தெரியவில்லை என்று என்னிடம் வந்தார். நான்கு காகிதம் கசங்கிய பிறகு நான் ஒரு வாக்கியம் சொன்னேன்: 'இணையதளத்தில் தகவல்களைச் சேர்க்கும்போது ஒரு பிழை நேர்ந்துவிட்டது.' சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. எழுதுவது என் தொழில் இல்லையா. யாரும் செய்யாமல் தானாகவே நேர்கிற பிழைகளை நான் நிறையத் தயாரித்திருக்கிறேன். அவர் வெட்கத்தை அந்த ஒரு வாக்கியத்துக்குள் மடித்து, மடிப்பு தெரியாமல் தேய்த்துக் கொடுத்தேன். அனுப்பினார்.

நாலாவது நாள் பதில். என்னைக் கூப்பிட்டார். மாடி ஏறிப் போனேன். அவர் திரையைக் காட்டிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

'பிழை யாருக்கும் நேரும். பதினோரு பேர் விடைத்தாள் ஒரே மாதிரி இருந்தால், முதலில் எழுதியது யார் என்று தேட வேண்டும். முப்பத்தாறு வருடம் அந்த வேலை செய்தவள் நான். இதில் தேடவில்லை. தேட ஆசைப்படவில்லை என்பதுதான் சரி. ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். சிலையை நிறையப் பார்த்திருக்கிறேன். முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அப்போ அந்த இடது கை?'

கீழே அத்தை என்று இல்லை. பெயர் போட்டிருந்தார்.

"என்ன இடது கை?" என்றேன்.

அவர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சார். அவங்களுக்கு அப்பவும் கொஞ்சம் சந்தேகம் இருந்துச்சு போல. உங்க கொள்ளுத்தாத்தா எந்தக் கையால எழுதுவார், வீட்டுல யாராவது சொல்லியிருக்காங்களான்னு கேட்டாங்க."

"அதுக்கு?"

"அவங்க கேட்ட விதத்துலயே தெரிஞ்சுது, இடதுன்னு சொன்னா சந்தோஷப்படுவாங்கன்னு. இடது கைன்னு எழுதினேன். அப்பா சொல்லிக் கேட்டிருக்கேன்னும் எழுதினேன்." ஜன்னல் கண்ணாடியை விரலால் துடைத்தார். "போன் பண்ணிட்டாங்க. அதுவரைக்கும் போன்ல பேசினதே இல்ல. முதல்ல என் முழங்காலை விசாரிச்சாங்க. அப்புறம் சொன்னாங்க, அவங்க சின்னத் தாத்தா இடது கைக்காரராம். அவங்களும் அப்படித்தானாம். அதுக்காகப் பள்ளிக்கூடத்துல அடி வாங்குவாங்களாம். 'அப்ப அவர்தான்'னு சொல்லிட்டு வச்சுட்டாங்க."

நான் தயாரித்துக் கொடுத்த வாக்கியம் திரையில் மேலே இருந்தது. எந்தப் பக்கம் இழுத்தாலும் அது இடது கை வரைக்கும் எட்டவில்லை. கட்டத்தில் தவறான பெயர் நேர்ந்துவிடலாம். இறந்துபோன அப்பா சொல்லாத ஒன்றைச் சொன்னதாக எழுதுவது யாருக்கும் தானாக நேராது.

"குளிச்சவரே இடது கைக்காரர்னு சொல்லிடலாமா சார்?" என்றார் மெதுவாக. "இருந்தாலும் இருந்திருக்கலாம் இல்ல?"

அக்கா தைத்துக்கொண்டிருந்த ஜிப்பை மடியில் வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். தம்பியும் அதைத்தான் எதிர்பார்த்து நின்றார். திட்டு வாங்கியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அக்கா நூலைப் பல்லால் கடித்துவிட்டு, மறுபடி தைக்கத் தொடங்கினார்.

விழா முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. போன செவ்வாய்க்கிழமை எங்கள் தெருவுக்கு வந்தார். மூடியைத் தூக்கி, கண்ணாடியைத் துடைத்து, எண்ணைத் தட்டினார். டீச்சருக்குப் பதில் எழுதியாச்சா என்று நான் கேட்கவில்லை. அவரே நிமிராமல், "ஒரு வரிதான் சார்" என்றார். பிறகு அடுத்த வீட்டுக்குப் போனார்.

டீச்சர் மறுபடி கேட்கவில்லை. அந்த ஒரு வரி இன்னும் போகவில்லை.